புள்ளி

பட்டியல் வெளியாக வேண்டிய இரவு.
செக்காலை சாலையில் எங்கள் கடை மட்டும் விழித்திருந்தது.
ஷட்டர் பாதி இறங்கியிருக்க
மை வாடை ஏறிய பரோட்டாவைப் பிய்த்தபடி
இருபதுக்குப் பத்தில்
ஓர் அமைச்சரைச் செய்துகொண்டிருந்தேன்.

"மாண்புமிகு போட்டுரும்மா" என்றார் வயிரவன்.
இன்னும் பட்டியல் வரலையேண்ணே?
"வந்த மாதிரிதான்.
மாவட்டத்துக்கு ஒண்ணு குடுக்கணும்,
பொம்பளைக்கு ஒண்ணு குடுக்கணும்,
ரெண்டுக்கும் நம்ம அக்கா ஒரே ஆளு.
தலைமைக்கு ஒரு நாற்காலி மிச்சம்."
கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

சௌந்தரநாயகி.
மூன்று தேர்தல்களில் மேடைக்குக் கீழே நின்று
துண்டுச்சீட்டு எடுத்துக் கொடுத்தவர்.
நான்காவதில் அவரே நின்றார், ஜெயித்தார்.
உச்சிவெயிலில் எடுத்த படம், கண் சுருங்கியிருந்தது.
மூக்கோரத்து மருவை அழிக்கச் சொன்னார் வயிரவன்.
அழித்தேன்.
அவர் டீக்குப் போனதும் திரும்ப வைத்தேன்.

பேனர் முழுதும் இறங்கி
மை காய்ந்துகொண்டிருந்தபோது, பத்தேகாலுக்கு,
வயிரவனின் விரல்
போனில் மேலிருந்து கீழே போனது.
கீழிருந்து மேலே வந்தது.
மறுபடி கீழே.
முப்பத்தொரு பேர்.
பெண்கள் மூன்று.
அக்கா இல்லை.

நிதி, வருவாய், பொதுப்பணி எல்லாம்
முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டன.
மூவரில் ஒருவருக்குச் சமூக நலம்,
ஒருவருக்குக் கைத்தறி,
இன்னொருவருக்கு என்னவென்று
அடிக்குறிப்பில் பிறகு சொல்வார்களாம்.

வயிரவன் கொஞ்ச நேரம் ஷட்டரைப் பார்த்தார்.
பிறகு புது ஆர்டர் சொன்னார்:
முப்பத்தொரு முகம், ஒரே வாழ்த்து,
விடிவதற்குள்.

படங்கள் வாட்ஸாப்பில் வந்து விழுந்தன.
ஆண்கள் எல்லோரும் ஸ்டுடியோ வெளிச்சத்தில்,
மீசையின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக.
மூன்று பெண்களையும்
ஏதோ கூட்டத்துப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள்,
ஒருவர் தோளில் யாருடைய கையோ மிச்சம்.
பெரிதாக்கினால்
முகம் சதுரம் சதுரமாக உடைந்தது.
"ஏம்மா கலங்குது?"
புள்ளி பத்தலைண்ணே.

சொன்ன பிறகுதான் உறைத்தது.
போன மாதம் இதே மிஷினில்
ஒரு நகரக் கோயிலின் வரி நோட்டீஸ் அடித்தேன்:
கல்யாணமான ஆண் ஒரு புள்ளி,
மனைவி அந்தப் புள்ளிக்குள்.
அவன் போய்விட்டால் அவள் அரைப் புள்ளி.
பிழை பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.
பார்த்தேன். ஒரே ஒரு ஒற்று மிகவில்லை, அவ்வளவுதான்.

சதுர அடிக்கு விலை போடும் கால்குலேட்டரில்
மூன்றை முப்பத்தொன்றால் வகுத்தேன்.
சுழியம்.
புள்ளி.
மறுபடி சுழியம்.
அதற்கப்புறம்தான் ஏதோ எண்கள்
வர ஆரம்பித்தன.

பழைய பேனரை என்ன செய்ய என்று கேட்டதற்கு
"கிழிச்சுப் போடு" என்றார் வயிரவன், முகம் பார்க்காமல்.
எங்கள் முதலாளி அடைக்கலம் எதையும் கிழிப்பவரல்ல.
காலையில் முந்நூற்றைம்பது ரூபாய்க்குப்
புதுவயல் அரிசி ஆலைக்கு விற்றார்.
என் ஊர் அதுதான், பஸ்ஸில் நானே கொண்டுபோனேன்,
மடித்தும் மடியில் அடங்காத இருநூறு சதுர அடி.

ஆலை ஆபீஸ் டிவியில் ஒவ்வொருவராக
உளமார உறுதி கூறிக்கொண்டிருந்தார்கள்.
களத்தில் அவித்த நெல்.
திடுமென்று கோடைமழை இறங்க,
பதினோரு பெண்கள் பலகையோடு ஓடி
நெல்லைக் குவித்துத் தள்ளினார்கள்.
நாலு மூலையை நாலு பேர் பிடிக்க
அக்கா விரிந்தார்.
"படம் மேல இருக்கட்டும், அந்தப் பக்கம் தண்ணி இறங்காது"
என்றாள் முத்துராக்கு,
கல் தேடி மூலைக்கு வைத்தாள்.
மருவின் மேல் மழை விழுந்து தெறித்தது.

"யாரு இது?"
நம்ம எம்எல்ஏ.
"அமைச்சர்னு போட்டிருக்கு?"
நான் அடித்ததுதான், தப்பு.
பெயிண்ட் இருந்தால் கொடுங்கள், அந்த வார்த்தையை
மறைத்துவிடுகிறேன் என்றேன்.

சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே
ஒருமுறை அதைப் பார்த்தாள்.
"கெடக்கட்டும்" என்றாள்.
"மழை விடட்டும் முதல்ல."